ஐந்தாம் பத்தியில் இருந்த மூளைத்தண்டு

1. மூன்று மணி இருபது நிமிடம்

1965ஆம் ஆண்டு பிப்ரவரி 11, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு என் கணக்குத்தாளின் ஐந்தாம் பத்தி ஆடத் தொடங்கியது. ஒரு தாளைத் தொடங்கும் நேரத்தையும் நிறுத்தும் நேரத்தையும் ஓரத்தில் குறிப்பது அந்த அறையின் வழக்கம். அன்று நடுவிலேயே நிறுத்தினேன். அதனால் நேரம் பதிவாகியிருக்கிறது.

பூனாவில் ஒரு மருத்துவக் கல்லூரியின் உடலியல் துறையில், மாடிப்படிக்கு அடுத்திருந்த சிறிய அறை அது. நான் அப்போது ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். காலையில் என் கல்லூரி. பிற்பகல் இரண்டு முதல் ஆறு வரை இந்த அறையில் கணக்கிடும் உதவியாளர் வேலை. எட்டு மாதங்களாக அதே தாளை, அதே வரிசையில், கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரத்தில் போட்டு வந்தேன். எண்கள் ஏறும், இறங்கும், ஓரிடத்தில் வந்து அமர்ந்துவிடும். அன்று அமரவில்லை. அதோடு சேர்ந்து, நூற்றிருபதில் நிற்க வேண்டிய இரத்த அழுத்தமும் நூற்றிரண்டுக்கு இறங்கி, அங்கிருந்து நூற்று முப்பத்தேழுக்கு ஏறி, மறுபடியும் இறங்கியது. பன்னிரண்டு வரிகளுக்கு ஒரு முறை இது திரும்பத் திரும்ப நடந்தது.

என் கணக்கில் பிழை என்றே நினைத்தேன். முதல் வரியிலிருந்து மீண்டும் போட்டேன். அதே பன்னிரண்டு வரிகள்.

இதில் என்ன கலக்கம் என்று கேட்கலாம். சனிக்கிழமை நண்பகலுக்குள், எனக்கு வேலை தந்த டாக்டர் லிமயேயின் ஆய்வேடு பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும்; தவறினால் அடுத்த வாய்ப்பு ஆகஸ்டில். அவர் ஏற்கெனவே இரண்டு வாய்ப்புகளைத் தவறவிட்டிருந்தார். ஒரு முறை மாமியாருக்கு நோய், ஒரு முறை சோதனைக்கு நாய்கள் கிடைக்கவில்லை. இந்த முறை நான்கு பிரதிகளும் பைண்ட் செய்யப்பட்டு அல்மாரியின் மேல் இருந்தன. பம்பாயில் இருந்த அவருடைய வழிகாட்டி கடைசியாக ஒன்று மட்டும் கேட்டிருந்தார்: மூளைத்தண்டின் பலத்தை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும் என்று ஓர் அட்டவணை போட்டுப் பின்னிணைப்பாகச் சேர்க்கலாமே என்று. "ஒரு பிற்பகல் வேலை. சற்று விரைவாக அமர்ந்துவிடும், அவ்வளவுதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு டாக்டர் லிமயே லட்சுமி ரோட்டுக்குப் போயிருந்தார்.

அந்த ஒரு பிற்பகல் வேலைதான் அமர மறுத்தது.

2. அது என்ன வேலை

முந்தைய ஜூன் மாதம் நான் அங்கே சேர்ந்தேன். பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்துவிட்டு, பூனாவை அடுத்த கட்கி தொழிற்சாலையில் வேலை செய்த என் அண்ணன் வீட்டில் தங்கியிருந்த காலம். கட்கியில் தமிழ் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, அந்த உடலியல் துறையில் ஆய்வக உதவியாளராக இருந்த தாஸ் என்பவர், அளவு பார்த்து எழுத ஒரு பெண் வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் சரி என்றார். அண்ணன் மனைவியான மைனிக்கு மட்டும் சம்மதமில்லை. "நாய்க்கு ப்ரஷர் பாக்கதுக்கு எம்.ஏ. படிக்கணுமாக்கும்?" என்று பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார்.

டாக்டர் லிமயேயை எல்லோரும் பாயி என்றே அழைத்தார்கள். மராத்தியில் ஆசிரியைகளை அப்படி அழைப்பதுண்டு. நாற்பது வயதைத் தாண்டியவர், குறைவாகப் பேசுபவர். என்னிடம் உடலியலைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கறுப்புத் தாளையும் ஸ்கேலையும் கொடுத்து, ஒரு கோட்டின் உயரத்தைச் சொல்லச் சொன்னார். பதினேழரை மில்லிமீட்டர் என்றேன். அவரும் வைத்துப் பார்த்தார். பிறகு, என்ன படிக்கிறேன் என்று கேட்டார். இலக்கியம் என்றதும், "நல்லது. எண்களைப் பற்றி உங்களுக்கு எந்த அபிப்பிராயமும் இருக்காது" என்றார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வேலையைப் பாயி ஒரே மூச்சில் விளக்கினார். கழுத்தின் இரு பக்கமும் ஓடும் பெரிய இரத்தக் குழாய்களில், அழுத்தத்தை உணரும் நரம்புகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் அவை மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்பும். மூளைத்தண்டு இதயத்தை நிதானப்படுத்தி, குழாய்களைத் தளர்த்தி, அழுத்தத்தை இறக்கும். குறைந்தால் இதற்கு நேர்மாறு. மயக்கத்தில் இருக்கும் நாயின் கழுத்துக் குழாய்களை அரை நிமிடம் இடுக்கியால் பிடித்தால், இடுக்கிக்கு மேலே அழுத்தம் விழுந்துவிடும். உடல் முழுவதுமே அப்படி என்று நம்பி மூளைத்தண்டு அழுத்தத்தை ஏற்றிவிடும். எவ்வளவு ஏற்றுகிறது என்பதிலிருந்து அதன் பலத்தைக் கணக்கிடலாம். அதற்கு அவர்கள் கெயின் என்றார்கள்.

கெயின் கிடைத்ததும் கணக்குத்தாள். ஒரு வரி என்பது ஒரு நொடி; முதல் பத்தியில் அதன் எண். இரண்டாம் பத்தியில் அழுத்தம். மூன்றாவதில் நரம்பின் செய்தி. நான்காவதில் அதே செய்தி, மூன்று வரிகளுக்கு முந்தையது, ஏனெனில் செய்தி போய்ச் செயலாக நேரமாகும். ஐந்தாவதில் மூளைத்தண்டின் பதில். ஆறாவதில் இதயமும் குழாய்களும் செய்வது. ஏழாவதில் புதிய அழுத்தம். அதை அடுத்த வரியின் இரண்டாம் பத்திக்கு இறக்க வேண்டும். இந்தத் தாளை வகுத்துத் தந்த பொறியாளர் எனக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்த வாரமே பெங்களூருக்கு மாற்றலாகிப் போனார்.

மூளைத்தண்டு எங்கே இருக்கிறது என்று பாயியிடம் ஒருமுறை கேட்டேன். தம் பிடரிக்குச் சற்று மேலே தொட்டுக் காட்டினார். தாளில் அது ஐந்தாம் பத்தி. பிடரியில் இருப்பதும் பத்தியில் இருப்பதும் எப்படி ஒன்றாகும் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டேன். கைப்பிடியைச் சுற்றினேன்.

3. கறுப்புத் தாள்கள்

நாயின் அழுத்தம் தாளுக்கு வரும் விதம் இது. வழுவழுப்பான தாளை ட்ரம்மில் சுற்றி, மண்ணெண்ணெய்ச் சுடரில் காட்டிக் கரி ஏற்ற வேண்டும். அதை ஸ்மோக் பண்ணுவது என்பார்கள். பாதரசம் நிறைந்த யூ-குழாயின் ஒரு முனை நாயின் இரத்தக் குழாயோடு இணைந்திருக்கும். மறு முனையில் பாதரசத்தின் மேல் ஒரு மிதவை. மிதவையின் மேல் ஒரு முள். ட்ரம் சுழலும்போது முள் கரியைச் சுரண்டி வெள்ளைக் கோடு போடும். கீழே நொடிக்கு ஒரு சிறு கோடு தனியே விழும். முடிந்ததும் தாளைக் கழற்றி, அரக்கு வார்னிஷில் தோய்த்துக் கொடியில் உலர்த்த வேண்டும். இவை அனைத்தும் தாஸின் வேலை. வார்னிஷ் போடும் முன், நாயின் எண்ணையும் இடுக்கி போடுமுன் இருந்த அழுத்தத்தையும் ஊசியால் கரியில் கீறிவிடுவார்: 120, 116, 124.

உலர்ந்த தாள் என்னிடம் வரும். இடுக்கி போட்ட பின் கோடு எவ்வளவு ஏறியது என்று ஸ்கேல் வைத்துப் படித்து, தாஸ் கீறிய எண்ணோடு கூட்டிப் பதிவேட்டில் எழுதுவேன். அரை மில்லிமீட்டர் வரை படிப்பேன். சந்தேகமிருந்தால் மறுநாள் வந்து மீண்டும் படிப்பேன். தாஸ் இதைப் பார்த்துச் சிரிப்பார். அவருடைய குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கிக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியிருந்தது. தமிழில் பாதி இந்தியாக இருக்கும். "இன்னா எஸ்தர்மா, கிதாபு படிக்கிற மாரி நாயப் படிக்கிறியே" என்பார்.

ஒன்பது நாய்களில் மூன்றின் தாள்களில் கோடு நேராக இல்லை. இடுக்கியை எடுத்த பிறகும் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. மயக்க மருந்தின் கோளாறாக இருக்கும், நடுவில் கோடு போட்டுப் படித்துவிடுங்கள் என்று பாயி சொன்னார். போட்டேன். அந்த மூன்றையும் தாஸ் பீமார் தாள்கள், அதாவது நோயாளித் தாள்கள், என்று பெயரிட்டுத் தனியே வைத்திருந்தார்.

4. தாஸ் சொன்னது

இரண்டாம் முறையும் பத்தி ஆடிய பிறகு எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இந்த ஆட்டத்தை எங்கோ பார்த்திருக்கிறேன். கீழே ஆய்வகத்துக்குப் போய், அந்த மூன்று தாள்களையும் எடுத்துத் தரும்படி தாஸிடம் கேட்டேன்.

"பீமாரு எதுக்கு இப்போ? அதான் பைண்டிங்கே ஆயிப்போச்சே" என்றபடி அல்மாரியைத் திறந்தார்.

அலை ஒன்றுக்கு எத்தனை நொடிக் கோடுகள் என்று எண்ணினேன். பதினொன்று, பன்னிரண்டு, பன்னிரண்டு. என் தாளில் பன்னிரண்டு வரிகள். நாயைப் பார்க்காத ஒரு கணக்கு, நாய் செய்ததைச் செய்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் கெயின் இரண்டு மடங்கு. அதாவது உண்மையல்லாத கெயின். உண்மையல்லாத எண்ணிலிருந்து உண்மையான அலை எப்படி வரும்? பிழை என் வாசிப்பில் இருக்குமோ என்று ஏழாம் நாயின் தாளில் ஸ்கேலை வைத்தேன்.

"ஏற்றம் இருபத்தொன்று" என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"நாப்பத்திரெண்டு" என்றார் தாஸ்.

இருபத்தொன்றுதான், பாருங்கள் என்று ஸ்கேலைக் காட்டினேன்.

"ஸ்கேல்ல இருபத்தொண்ணு. ப்ரஷரு நாப்பத்திரெண்டு. பாதரசம் இந்தப் பக்கம் ஏறுனா அந்தப் பக்கம் அவ்ளோ எறங்குதில்ல? மிதவ ஒரு பக்கந்தானே கீது. டபுள் பண்ணித்தானே எழுதுவ?"

நான் ஸ்கேலைத் தாளிலிருந்து எடுத்தேன்.

"பண்ணல?"

"இல்லை, அண்ணே."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எட்டு மாசமா?"

"எட்டு மாதமாக."

நடந்தது இதுதான். தாஸ் கீறிய எண்கள் முழு அழுத்தம். அவர் இரட்டித்துத்தான் கீறுவார். அந்த எண்ணோடு நான் இரட்டிக்காத ஏற்றத்தைக் கூட்டி எழுதினேன். நூற்றிருபதோடு நாற்பத்திரண்டு சேர்ந்து நூற்று அறுபத்திரண்டு ஆக வேண்டிய இடத்தில் நூற்று நாற்பத்தொன்று. அதுவும் ஒரு நாய்க்கு இருக்கக்கூடிய அழுத்தமே. ஆகவே யாருக்கும் ஐயம் வரவில்லை. ஏற்றம் பாதியானதால் கெயினும் பாதியானது. பைண்ட் செய்த நான்கு பிரதிகளிலும் மூளைத்தண்டு பாதி பலத்தோடு இருந்தது. அன்று நான் இரட்டித்துப் போட்ட கெயின்தான் உண்மையானது.

முன்பெல்லாம் தாள்களைப் பாயியே படிப்பார் என்றார் தாஸ். "அவுங்க கண்ணு பாக்கும்போதே மனசுல டபுள் ஆயிடும். எனுக்கும் அப்டித்தான். நீ பி.ஏ. படிச்சவ, தெரியும்னு வுட்டுட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வார்னிஷ் போட்டு மூடியாச்சி. இனிமே யாரு ஸ்கேல் வெக்கப் போறா? சும்மா இருந்துடு. கேட்டா மொதல்ல என்னத்தான் கேப்பாங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. தாள் அவருடையது, ட்ரம் அவருடையது, கோளாறு என்று வந்தால் முதலில் கூப்பிடப்படுகிறவர் அவரே. நான் எதையும் சொல்லாவிட்டால் சனிக்கிழமை ஆய்வேடு போய்விடும். பாயிக்குப் பட்டம் கிடைக்கும். தாஸுக்கு வசவு இல்லை. ஐந்தாம் பத்தி மட்டும் தவறாக இருக்கும். அந்த ஐந்தாம் பத்தி எதைக் குறிக்கிறது என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக இத்தனை பேரை ஏன் துன்புறுத்த வேண்டும் என்ற கேள்விக்கு, மாடிப்படி ஏறி முடிக்கும்வரை என்னிடம் விடையில்லை. ஏறி முடித்த பிறகும் இல்லை. ஆனால் பதிவேட்டில் இருந்தது என் கையெழுத்து.

5. பாயி

ஐந்தேகாலுக்குப் பாயி வந்தார். கையில் ஒரு பேடா இனிப்புப் பெட்டி; சனிக்கிழமை துறையில் கொடுப்பதற்கு. அட்டவணை ஆயிற்றா என்று கேட்டார்.

நான் ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் ஆங்கிலத்தில் பலமுறை திருத்தி வைத்திருந்தேன். அதைச் சொன்னேன்: ஏற்றங்களை நான் இரட்டிக்கவில்லை.

"எந்த நாயில்?"

"எல்லா நாய்களிலும்."

அவர் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு ஏழாம் நாயின் தாளை எடுத்தார். ஸ்கேலை வைத்தார், உதடுகள் அசைந்தன, நாற்பத்திரண்டு என்று ஒரு துண்டுத்தாளில் எழுதினார். என் பதிவேட்டைத் திறந்து நூற்று நாற்பத்தொன்றைப் பார்த்தார். பிறகு இரண்டாம் நாய். பிறகு ஐந்தாம் நாய். அதற்கு மேல் அளக்கவில்லை.

"நான் உங்களுக்குச் சொல்லவில்லையா?"

"இல்லை."

"நிச்சயமாகவா?"

"முதல் நாள் நீங்கள் சொன்னவை எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். அதில் இது இல்லை."

சொன்ன உடனே வருந்தினேன். அது உண்மை, ஆனால் குற்றச்சாட்டாக ஒலித்தது. பாயியின் முகம் சிவந்தது.

"இலக்கியம் படிப்பவர்கள் எல்லாவற்றையும் எழுதி வைப்பீர்கள். ஒன்றையும் கேட்க மாட்டீர்கள்" என்றார். பிறகு, வேறு குரலில், "சொல்லியிருக்க வேண்டியதுதான்" என்றார்.

ஆடிய தாளையும் பீமார் தாள்கள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பன்னிரண்டு வரிகளையும் பன்னிரண்டு நொடிகளையும் காட்டினேன். இதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அலையைப் பார்க்கிறாரா, அதற்கு அப்பால் அல்மாரியின் மேலிருந்த நான்கு பிரதிகளைப் பார்க்கிறாரா என்று என்னால் கண்டுகொள்ள முடியவில்லை.

"மயக்க மருந்து என்று நானே எழுதியிருக்கிறேன். அறுபத்து நான்காம் பக்கம்" என்றார். பிறகு, எல்லாவற்றையும் திரும்பப் படித்துக் கணக்கிட எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்.

"படிக்க மூன்று நாள். கணக்கிட இருபது நாள்."

"இன்று வியாழன்."

"ஆமாம்."

"வீட்டுக்குப் போங்கள், எஸ்தர்."

நாளை வரவேண்டுமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கட்கி பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த அம்மாள், நான் எங்கே இறங்க வேண்டும் என்று இந்தியில் கேட்டபோது, தமிழில் பதில் சொன்னேன்.

6. இவ்வேலைக்கு வருகிறவர்களுக்கு

அந்த ஆய்வேடு ஆகஸ்டில்தான் ஒப்படைக்கப்பட்டது. பீமார் தாள்களுக்கென்று அதில் ஓர் அத்தியாயம் சேர்ந்தது: மூளைத்தண்டின் பலம் அதிகமாகவும் செய்தி தாமதமாகவும் இருந்தால், அழுத்தம் ஓரிடத்தில் நில்லாமல் அலையும் என்று. தட்டச்சுப் பிரதியை நான் ஒப்புநோக்கினேன். காற்புள்ளி உட்பட ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த அலை எல்லா நாய்களிலும் ஏன் வரவில்லை என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பாயியிடம் கேட்டேன். தமக்கும் முழுமையாக விளங்கவில்லை என்றார். கேட்கலாம் என்பதையே நான் அப்போதுதான் கற்றிருந்தேன்.

இத்தகைய பகுதிநேர வேலைகளுக்கு இப்போது மாணவிகள் பலர் வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது சிறிது. ஓர் எண் உங்கள் கைக்கு வருமுன் அதை யார் என்ன செய்தார்கள், உங்கள் கையை விட்ட பின் யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். அறையில் எல்லோருக்கும் தெரிந்திருப்பது எதுவோ, அதைத்தான் உங்களுக்குச் சொல்ல மறப்பார்கள். நான் அரை மில்லிமீட்டர் வரை துல்லியமாகப் பாதி உண்மையை எழுதி வந்தேன். என் கவனத்தில் குறையில்லை. விளங்கவில்லை என்ற மூன்று அசை உள்ள ஒரு சொல்லைச் சொல்லத்தான் எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை காலை இவற்றில் எதுவும் எனக்குத் தெரியாது. வேலை இருக்கிறதா என்பதும் தெரியாது. அன்று வகுப்புக்குப் போகாமல், ஏழே முக்காலுக்கு அந்த அறைக்குப் போனேன். நான்கு பிரதிகளும் அல்மாரியின் மேலேயே இருந்தன. புதிய பதிவேடு ஒன்றை எடுத்து, ஸ்கேலில் என்றும் அழுத்தத்தில் என்றும் இரண்டு பத்திகள் கோடிட்டேன். முதல் நாயின் தாளை விரித்துப் படித்தேன், பத்தொன்பது. எழுதுமுன் கீழே போய்த் தாஸை அழைத்து வந்தேன். என்மேல் கோபமாக இருந்தார். பேசாமல் குனிந்து, ஸ்கேலைத் தம் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார்.

"பத்தொம்போதர" என்றார்.

மீண்டும் பார்த்தேன். அவர் சொன்னதே சரி. முதல் பத்தியில் பத்தொன்பதரை என்றும், இரண்டாம் பத்தியில் முப்பத்தொன்பது என்றும் எழுதினேன்.